நீட்டிய துளையும் நிரப்பிய துளையும்

பட்டறைத் தொழில் நம் சமுதாயத்து இளைஞர்கள் பலருக்குச் சோறு போடும் தொழில். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய பிள்ளையை, "ஒரு கைத்தொழிலையாவது கற்றுக்கொள்ளட்டும்" என்று மெக்கானிக் பட்டறையில் கொண்டுபோய் விடுகிற குடும்பங்கள் நம்மிடையே பல உண்டு. அப்படிப்பட்ட பட்டறைகளில் பழுதுபார்த்த வண்டிகளில்தான் நாமும் நம் மனைவி மக்களும் திருமணத்துக்கும் மருத்துவமனைக்கும் போய்வருகிறோம். ஆகவே பட்டறைக்குள் நடக்கும் ஒரு சிறிய காரியத்தைப் பற்றி இங்கே எழுதுவதை வாசகர்கள் அந்நியமாகக் கருதமாட்டார்கள் என்று நம்புகிறோம்.

வண்டியில் இன்ஜின் மாற்றும்போது, புதிய இன்ஜினைத் தாங்கும் பிராக்கெட்டுக்காகச் சேஸிஸில் போல்ட் துளைகள் போடுகிறார்கள். அந்தத் துளை சில மில்லிமீட்டர் தள்ளி விழுந்துவிட்டால் என்ன செய்வது? இதற்குப் பட்டறைகளில் இரண்டு வழிகள் வழக்கில் உள்ளன. ஒன்று, வட்ட அரத்தால் துளையை வேண்டிய பக்கம் நீட்டி, மேலே ஒரு வாஷரைப் போட்டு மூடி, போல்ட்டை முடுக்கிவிடுவது. மற்றொன்று, தவறிய துளையை வெல்டு வைத்து நிரப்பிச் சமப்படுத்தி, சரியான இடத்தில் புதிதாகத் துளையிடுவது. முதலாவது கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். இரண்டாவது அரை நாளை விழுங்கிவிடும்.

நம் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். தாங்கும் துளையை நீட்டக் கூடாது. நிரப்பித்தான் ஆக வேண்டும். நிரப்பியதை வண்டிக்காரரிடம் சொல்லவும் வேண்டும். சொன்ன மெக்கானிக்கை அதற்காகவே தண்டிக்கும் பழக்கத்தை வண்டிக்காரர்களாகிய நாம் விட்டொழிக்க வேண்டும். இந்த மூன்றாவது நடக்காத வரை முதலிரண்டும் நடக்காது என்பதே நாம் சொல்ல விரும்பும் செய்தி.

இன்ஜின் எதன்மீது நிற்கிறது?

ஓர் உதாரணத்தோடு பார்ப்போம். வில்லிஸ் ஜீப்பின் வழிவந்து மஹிந்திரா நிறுவனம் இந்தியாவில் தயாரித்த பழைய ஜீப்புகளில் பல, பெட்ரோல் வண்டிகள். அவற்றில் இருந்த ஹரிக்கேன் என்னும் நான்கு சிலிண்டர் இன்ஜின் 2.2 லிட்டர் கொள்ளளவு உடையது. பெட்ரோல் செலவுக்கு ஈடுகொடுக்க இயலாமல் அதைக் கழற்றிவிட்டு டீசல் இன்ஜின் பொருத்திக்கொண்டவர்கள் ஏராளம். பிரான்ஸின் பெஜோ நிறுவனத்திடம் உரிமம் பெற்று மஹிந்திரா தயாரித்த 2.1 லிட்டர் டீசல் இன்ஜின் போன்றவை இந்த மாற்றத்துக்குப் பயன்பட்டன.

இன்ஜின் நேரடியாகச் சேஸிஸின்மேல் உட்காருவதில்லை. இன்ஜினில் ஒரு பிராக்கெட். அதற்கும் சேஸிஸுக்கும் நடுவே மவுண்டிங் ரப்பர். அதன் அடியில் சேஸிஸோடு போல்ட்டால் இறுக்கப்பட்ட இன்னொரு பிராக்கெட் என்று அடுக்கடுக்காக அமைந்திருக்கும். கியர்பாக்ஸையும் சேர்த்தால் 200 கிலோவைத் தாண்டும் பாரம் சில போல்ட்டுகளின் பொறுப்பில் நிற்கிறது. பாரம் மட்டுமா? முதல் கியரில் மேடேறும்போது இன்ஜினின் முறுக்கு பல மடங்காகி, அந்த மொத்த அமைப்பையே ஒரு பக்கமாகத் திருப்பப் பார்க்கும். ஒரு பக்க மவுண்டிங் நசுங்க, மறுபக்க மவுண்டிங் மேலே இழுபடும். பழைய பெட்ரோல் இன்ஜினின் அமுக்க விகிதம் 7-ஐ ஒட்டியது. டீசல் இன்ஜினுக்கு அது 20-க்கும் மேல். ஆகவே டீசல் இன்ஜினின் குலுக்கலும் வலுவானது. பெட்ரோல் இன்ஜினுக்குப் போதுமானதாக இருந்த ஏற்பாடு டீசல் இன்ஜினுக்குப் போதாது.

சட்டத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவு அலுவலகத்தின் அனுமதியின்றி வண்டியில் மாற்றம் செய்வதைக் கட்டுப்படுத்துகிறது. தயாரிப்பாளர் குறித்த அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று, கேரளத்திலிருந்து சென்ற வழக்கு ஒன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் வந்த சட்டத் திருத்தம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க வழி செய்துள்ளது. ஆர்.சி. புத்தகத்தில் இன்ஜின் எண்ணும் எரிபொருள் வகையும் பதிவாகியிருப்பதை மறந்துவிடக் கூடாது. எனவே இன்ஜின் மாற்ற நினைப்பவர் பட்டறைக்குப் போகும் முன் பதிவு அலுவலகத்துக்குப் போவதே முறை. அனுமதி பெற்று அதே வகை இன்ஜினைப் பொருத்தும்போதும், பழைய பிராக்கெட் வளைந்தோ உடைந்தோ போயிருந்தால் புதிய பிராக்கெட்டும் புதிய துளையும் தேவைப்படலாம். நாம் பேசும் சிக்கல் அங்கும் வரும்.

துளை ஏன் தவறுகிறது?

துளை தவறியதுமே "கவனமில்லாதவன்" என்று முடிவுகட்டிவிடுவது எளிது. தவறு வரும் வழிகள் பல. பம்பரையோ மட்காடையோ அடையாளமாக வைத்து அளந்தால், அவை ஏற்கெனவே வளைந்திருக்கும்போது அளவும் வளைந்துவிடும்; சேஸிஸின் நடுக்கோட்டிலிருந்து அளப்பதே சரி. இன்ஜின் சங்கிலியில் தொங்கும்போது குறித்த இடம், அதன் பாரம் ரப்பரின்மேல் இறங்கியதும் சில மில்லிமீட்டர் கீழே போய்விடும். இடப்பக்கத்துக்கு வெட்டிய அட்டை மாதிரியைத் திருப்பாமல் வலப்பக்கம் வைத்துக் குறித்தால் துளை எதிர்ப்பக்கம் விழும். சென்டர் பஞ்சால் குழி தட்டாமல் டிரில்லை வைத்தால், வளைந்த தகட்டில் அதன் முனை வழுக்கி ஓடும். மேடுபள்ளமான தரையில் வண்டி நின்றால் எல்லாமே சாயும்.

பல ஆண்டு அனுபவமுள்ளவருக்கும் இவற்றில் ஏதேனும் ஒன்று நேரலாம். மனிதன் கைபட்ட வேலையில் பிழை வருவது இயல்பு. பிழை வந்த பிறகு எடுக்கும் முடிவைப் பற்றித்தான் நாம் பேசுகிறோம்.

வாஷருக்கு அடியில் என்ன இருக்கிறது?

நீட்டுவதில் என்ன குற்றம் என்று கேட்கலாம். "போல்ட் உள்ளே போய்விட்டது, நட்டும் இறுகிவிட்டது, பிறகென்ன?" என்பது பட்டறையில் சாதாரணமாகக் கேட்கும் வாதம். அதற்குரிய விடை போல்ட் வேலை செய்யும் விதத்தில் இருக்கிறது.

இரண்டு தகடுகளை இணைக்கும் போல்ட் ஓர் ஆணியைப் போல் குறுக்கே நின்று பாரம் சுமப்பதாகப் பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அது இரண்டு தகடுகளையும் ஒன்றோடொன்று நெருக்கிப் பிடிக்கிறது. அந்த நெருக்கத்தால் பிறக்கும் உராய்வுதான் அவற்றை நகரவிடாமல் தடுக்கிறது. தலையில் 8.8 என்று பொறித்த 10 மில்லிமீட்டர் போல்ட்டை 50 நியூட்டன் மீட்டர் அளவுக்கு முடுக்கினால், அது ஏறத்தாழ 2,500 கிலோ பாரத்துக்கு ஈடான அழுத்தத்தோடு தகடுகளைப் பிடிக்கும். இந்தப் பிடிப்பு வாஷரின் அடியில் முழுமையான இரும்பு இருக்கும்போதுதான் நிலைக்கும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். 10 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு வழக்கமாக 11 மில்லிமீட்டர் துளை போடுவார்கள். அது 5 மில்லிமீட்டர் தள்ளி விழுந்து, அதே அளவு நீட்டப்பட்டால், 16 மில்லிமீட்டர் நீளமுள்ள வாய் திறந்துவிடும். சாதாரண வாஷரின் விட்டம் 20 மில்லிமீட்டர்; அதாவது போல்ட்டின் நடுவிலிருந்து 10 மில்லிமீட்டர்தான் அது எட்டும். நீட்டிய துளையின் மறுமுனையோ போல்ட்டின் நடுவிலிருந்து 10.5 மில்லிமீட்டரில் இருக்கிறது. ஆகவே அந்தப் பக்கம் வாஷரின் விளிம்பு எதையும் தொடாமல் அந்தரத்தில் நிற்கிறது. முடுக்க முடுக்க வாஷர் அந்தப் பள்ளத்துக்குள் குழியும். நாளடைவில் பிடிப்பு தளரும். பிடிப்பு தளர்ந்தால் உராய்வு போகும். உராய்வு போனால் பிராக்கெட் நகரும். எந்தத் திசையில் நகரும்? நாமே அரம் வைத்துத் திறந்துவிட்ட திசையில்தான்.

தயாரிப்பாளர்களே சில இடங்களில் நீள்துளை வைத்திருக்கிறார்களே என்று ஒருவர் சொல்லலாம். ஆல்டர்னேட்டர் பெல்ட்டை இழுத்துக்கட்டும் பட்டையில் அப்படி ஒரு துளை இருப்பது உண்மையே. அது நகர்த்துவதற்காகவே வடிவமைக்கப்பட்ட துளை. அதற்கேற்ற கனமும் அகலமும் அந்தப் பட்டைக்கு உண்டு. நகரக் கூடாத இடத்தில் அரத்தால் திறந்த துளைக்கு அதை ஆதாரம் காட்ட முடியாது. அகலமான கனத்த தகட்டை வாஷராகப் போட்டால் அழுத்தம் ஓரளவு பரவும் என்பதையும் மறுக்கவில்லை. அப்போதும் அடியில் இருக்கும் வாய் மூடிவிடுவதில்லை.

நகர்ந்தால் என்ன ஆகும்? முன் மவுண்டிங்குக்கும் பின் மவுண்டிங்குக்கும் ஒரு மீட்டர் இடைவெளி என்று கொள்வோம். முன்பக்கம் 10 மில்லிமீட்டர் விலகினால் இன்ஜின் அரை டிகிரிக்குச் சற்று அதிகமாகச் சாய்கிறது. புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் இரு முனைகளிலும் உள்ள ஜாயின்ட்களின் கோணங்கள் ஒன்றுக்கொன்று ஒத்திருக்க வேண்டும். ஒத்திருக்காவிட்டால் அதிர்வு பிறக்கும், ஜாயின்ட்கள் தேயும். ரேடியேட்டருக்கும் விசிறிக்கும் இடையே விட்ட இடைவெளி குறையும். சைலன்சர் குழாய் இழுபடும். கிளச்சும் ஆக்சிலரேட்டரும் வைத்த அளவில் நில்லாமல் மாறும்.

மவுண்டிங் என்பது சில்லறை விஷயம் என்று எண்ணுவோர் அமெரிக்காவில் நடந்ததை அறிந்துகொள்ள வேண்டும். 1971-இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் ஏறத்தாழ 67 லட்சம் ஷெவ்ரலே வாகனங்களைத் திரும்ப அழைத்தது. மவுண்டிங் விட்டுப்போனால் வேகமெடுக்கும்போது இன்ஜின் ஒரு பக்கம் எழும்பி, ஆக்சிலரேட்டர் திறந்தபடியே சிக்கிக்கொள்ளும் ஆபத்து இருந்ததே காரணம். இன்ஜின் எழும்பாதபடி ஒரு கம்பிவடத்தைப் பூட்டிக்கொடுத்தார்கள். அங்கே விட்டுப்போனது ரப்பர், துளையன்று. ஆயினும் இன்ஜின் தன் இடத்தைவிட்டு அசைந்தால் என்ன நேரும் என்பதற்கு அது சான்று. தேனி மாவட்டத்திலிருந்து இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குக் கூலியாட்களை ஏற்றிக்கொண்டு மலையேறும் ஜீப்புகளை எண்ணிப் பாருங்கள். கொண்டை ஊசி வளைவில் அப்படி ஒன்று நேர்ந்தால், ஓட்டுநர் திறமைசாலியாக இருந்தும் பயனில்லை.

முறையாக நிரப்புவது எப்படி?

வாசகர்களில் பட்டறைக்காரர்களும் இருப்பீர்கள். அவர்களின் பெற்றோரும் இருப்பீர்கள். வேலையின் வரிசையைச் சுருக்கமாகச் சொல்கிறோம். வண்டிக்காரர்களுக்கும் இது தெரிந்திருந்தால், எதற்காக அரை நாள் கேட்கிறார்கள் என்பது புரியும்.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி, சேஸிஸைத் தொடாமலே சரிசெய்ய வழியுண்டா என்பது. சேஸிஸில் போட்ட துளை உரிய இடத்தில் இல்லாவிட்டாலும் நல்ல இரும்பில் விழுந்திருந்தால், அதை அப்படியே வைத்துக்கொண்டு பிராக்கெட்டை வேறு அளவில் புதிதாகச் செய்துவிடலாம். பிராக்கெட் என்பது கழற்றி எறியக்கூடிய ஒரு துண்டு இரும்பு. சேஸிஸ் வண்டியின் முதுகெலும்பு. தவறைச் சுமக்க வேண்டியது மலிவான உறுப்பே.

அதற்கு வழியில்லையென்றால், பிழையின் அளவைப் பார்க்க வேண்டும். அரை மில்லிமீட்டர் போன்ற சிறு விலகலை, எல்லாப் போல்ட்டுகளையும் தளர்வாக மாட்டி, இன்ஜினின் பாரம் இறங்கிய பிறகு ஒவ்வொன்றாக முடுக்கினால் துளையிலுள்ள இடைவெளியே ஏற்றுக்கொள்ளும். துளையின் விட்டத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு தூரம் விலகியிருந்தால், புதிய துளை நல்ல இரும்பில் விழும். பழையதை நிரப்பிவிட்டு வேலையைத் தொடரலாம். புதிய துளையும் பழைய துளையும் ஒன்றையொன்று கடிக்கும் அளவுக்கு விலகியிருப்பதுதான் கடினமான நிலை. அரத்தைத் தேடிக் கை நீள்வதும் அந்த இடத்தில்தான்.

நிரப்புவதற்கு முன் பேட்டரியைக் கழற்ற வேண்டும். ஆல்டர்னேட்டரின் இணைப்பையும் எடுத்துவிட வேண்டும். அருகே ஓடும் டீசல் குழாயை விலக்கி, தீயணைப்பானைக் கைக்கெட்டும் தூரத்தில் வைக்க வேண்டும். வெல்டிங்கின் எர்த் கிளிப்பைப் பற்றவைக்கும் இடத்துக்கு அருகிலேயே மாட்ட வேண்டும். தொலைவில் மாட்டினால் மின்சாரம் பேரிங்குகளின் வழியே ஓடி அவற்றைக் கெடுக்கும். பெயின்ட்டையும் துருவையும் பளபளப்பாகச் சுரண்டி, துளையின் விளிம்பை இரு பக்கமும் சரிவாகச் சீவ வேண்டும். பின்பக்கம் ஒரு செம்புத் தகட்டை அணைத்துப் பிடித்தால் உருகிய இரும்பு ஒழுகாது. செம்பில் ஒட்டவும் செய்யாது. ஒரே மூச்சில் ஊற்றாமல், சிறிது வைத்து ஆறவிட்டு மறுபடியும் வைத்து அடிவரை நிரப்ப வேண்டும். மேலே மட்டும் ஒரு தொப்பிபோல் மூடிவிட்டுக் கிரைண்டரால் தேய்த்துவிடுவது நிரப்புதல் ஆகாது. அது நீட்டுவதைவிட மோசமான ஏமாற்று.

சமப்படுத்திய பின் மீண்டும் அளந்து, சென்டர் பஞ்சால் குழி தட்டி, 3 அல்லது 4 மில்லிமீட்டர் டிரில்லில் தொடங்கிப் படிப்படியாக வேண்டிய அளவுக்குப் போக வேண்டும். வெல்டு வைத்த இடம் கடினமாக இருப்பதால் டிரில் மெல்லிய பக்கம் ஓடப் பார்க்கும். துளையிட்ட ஒரு கனத்த தகட்டை மேலே கிளாம்பால் இறுக்கி, அதன் வழியாக டிரில்லைச் செலுத்தினால் வழி தவறாது. தகடு மெலிந்திருந்தால் 4 அல்லது 5 மில்லிமீட்டர் கனமுள்ள தகட்டை மேலே வைத்துப் பலப்படுத்தலாம். அதன் மூலைகள் உருண்டையாகவும் முனைகள் சரிவாகவும் இருக்கட்டும். சேஸிஸின் குறுக்கே நேர்கோடாக வெல்டு இழுத்தால் விரிசல் அந்தக் கோட்டிலேயே பிறக்கும். பெட்டிபோல் மூடிய சேஸிஸாக இருந்தால் போல்ட்டின் நீளத்துக்கு உள்ளே ஒரு குழாய்த் துண்டு வைக்க வேண்டும். இல்லாவிட்டால் முடுக்க முடுக்கப் பெட்டி நசுங்குமே தவிர போல்ட் இறுகாது.

சேஸிஸின் பக்கச் சுவரில் உள்ள துளையும், மேல் கீழ் விளிம்புகளில் உள்ள துளையும் ஒன்றல்ல. பாரத்தால் சேஸிஸ் வளையும்போது இழுப்பும் அமுக்கமும் விளிம்புகளில்தான் உச்சமாக இருக்கும். அங்கே துளையிடவும் கூடாது, வெல்டு வைக்கவும் கூடாது. இன்றைய கார்களில் மிகுவலிமை எஃகைப் பல இடங்களில் பயன்படுத்துகிறார்கள். சூடு பட்டால் அதன் வலிமை குறைந்துவிடும். பழைய ஜீப்புக்குச் சொன்ன மருந்து அதற்குப் பொருந்தாது. தயாரிப்பாளரின் பழுதுபார்ப்புக் கையேடு அனுமதிக்கும் இடத்தில் மட்டுமே கைவைக்க வேண்டும்.

கடைசியாகத் துரு தடுக்கும் பிரைமர் அடித்து, லாக் நட் போட்டு, நட்டின் மீதும் சேஸிஸின் மீதுமாக ஒரு பெயின்ட் கோடு இழுத்துவிட வேண்டும். 500 கிலோமீட்டர் ஓடியபின் வண்டியை வரச்சொல்லி அந்தக் கோடு விலகியிருக்கிறதா என்று பார்த்தால், நட் தளர்ந்ததா இல்லையா என்பது உடனே தெரிந்துவிடும்.

அரை நாள் கூலி யாருடையது?

மெக்கானிக் தயங்குவதன் உண்மைக் காரணம் இங்கேதான் இருக்கிறது. வேலை தெரியாமல் துளையை நீட்டுகிறவர்கள் சிலர். தெரிந்தே நீட்டுகிறவர்கள் பலர். அரை நாள் கூலியை யார் தருவார் என்பதே அவர்களின் கவலை. கைத்தொழிலாளியின் பொறுப்பைப் பற்றி மார்க்கச் சட்டம் விரிவாகப் பேசியிருப்பதால், இதை நாம் வெறும் ஊகமாக விடத் தேவையில்லை.

பலருடைய வேலையையும் ஏற்றுச் செய்யும் தொழிலாளியை ஃபிக்ஹு நூல்கள் ‘அஜீர் முஷ்தரக்’ என்கின்றன. துணி வெளுப்பவரும் தையற்காரரும் அங்கே வரும் உதாரணங்கள். வெளுப்பவர் துணியை அடிக்கும்போது கிழிந்துவிட்டால், வேண்டுமென்று செய்யாவிட்டாலும், அவர் கைச்செயலால் வந்த சேதத்துக்கு அவரே பொறுப்பு என்பது ஹனஃபீ மத்ஹபின் நிலை. அவர் கையில் உள்ள பொருள் அமானிதம், வரம்பு மீறலோ கவனக்குறைவோ இருந்தால்தான் ஈடு தர வேண்டும் என்பது ஷாஃபிஈ மத்ஹபில் வலுவாகக் கொள்ளப்படும் நிலை. துளை விஷயத்தில் இரண்டும் வெகுதூரம் விலகுவதில்லை. அளக்காமல், குழி தட்டாமல் போட்ட துளை கவனக்குறைவுதான். அதைச் சரிசெய்யும் கூலியை வண்டிக்காரரின் பில்லில் ஏற்றுவது நியாயமாகாது. அதே வேளையில், வண்டிக்காரரே பழைய இரும்புக் கடையிலிருந்து அளவு பொருந்தாத பிராக்கெட்டை வாங்கிவந்து "இதைத்தான் போட வேண்டும்" என்று வற்புறுத்தியிருந்தால், அதனால் வந்த கூடுதல் வேலைக்கு அவரே பணம் தர வேண்டும். இந்தப் பேச்சை வேலை தொடங்கும் முன்பே பேசி ஒரு தாளில் எழுதிக்கொண்டால் பின்னால் மனக்கசப்பு வராது.

ஈடு கொடுப்பது ஒரு பொறுப்பு. மறைக்காதிருப்பது வேறொரு பொறுப்பு. ஈரமான தானியத்தை அடியில் வைத்திருந்த வியாபாரியிடம், மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று நபி (ஸல்) அவர்கள் கேட்ட நிகழ்ச்சியை நம் பிள்ளைகள் ஓதும் வயதிலேயே கேட்டிருக்கிறார்கள். மழையில் நனைந்தது அந்த வியாபாரியின் குற்றமாக இருக்கவில்லை. அடியில் தள்ளியதுதான் குற்றமாயிற்று. வாஷருக்கு அடியில் ஒளிந்திருக்கும் நீண்ட துளைக்கும் அந்த ஈரத்துக்கும் என்ன வேறுபாடு? வண்டியை விற்கும்போதும் இதே பொறுப்பு தொடர்கிறது. குறையை அறிந்தே மறைத்து விற்றால், அதைக் கண்டுபிடித்த வாங்கியவருக்குப் பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமையை மார்க்கச் சட்டம் தந்திருக்கிறது.

சொன்னவரைத் தண்டிக்காதீர்கள்

இதுவரை மெக்கானிக்கிடம் பேசினோம். இனி வண்டிக்காரர்களிடம் பேச வேண்டும், அதாவது நம்மிடமே.

பட்டறைக்காரர் ஒருவர் வந்து, "பாய், இடப்பக்கத் துளை அஞ்சு மில்லிமீட்டர் தள்ளிப் போச்சு. நிரப்பிட்டு மறுபடி போடறேன். வண்டி நாளைக்கு வேணாம், நாளன்னைக்கு எடுத்துக்குங்க. அதுக்குக் கூலி வேணாம்" என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நம்மில் எத்தனை பேர் "நல்லது தம்பி, நிதானமாகச் செய்" என்று சொல்வோம்? "வேலை தெரியாமலா வண்டியை வாங்கினாய்?" என்று கூச்சலிடுவோர் ஒரு பக்கம். அதைச் சாக்காக வைத்து, பேசிய கூலியிலேயே பாதியைக் குறைப்போர் இன்னொரு பக்கம். தெருவெங்கும் அவர் பெயரைக் கெடுப்போர் மற்றொரு பக்கம். துளையை நீட்டி வாஷர் போட்டு மூடிய பக்கத்துப் பட்டறைக்காரருக்கோ, "சொன்ன நாளில் கொடுத்துவிட்டார்" என்ற நற்பெயர். உண்மை பேசினால் நட்டம், மறைத்தால் இலாபம் என்ற சந்தையை நாமே உண்டாக்கிவிட்டு, "இந்தக் காலத்தில் நேர்மையான மெக்கானிக்கே கிடைப்பதில்லை" என்று புலம்புகிறோம்.

இந்தச் சந்தையின் ஓரத்தில் ஒருவன் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறான். ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கும் பையன் அவன். பதினெட்டு வயதுகூட நிரம்பாதவனாக இருக்கலாம். அரம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதை அவன் பார்க்கிறான். வண்டிக்காரர் வந்ததும் தன் உஸ்தாத் என்ன சொல்கிறார் என்பதைக் கேட்கிறான். வடநாட்டுப் பட்டறைகளில் தலைமை மெக்கானிக்கை உஸ்தாத் என்பார்கள். மதரஸாக்களில் ஆசிரியருக்கும் அந்தப் பெயர் உண்டு. பெயர் ஒன்றாக இருப்பது பொருத்தமே. மதரஸாவில் குர்ஆனை மனனம் செய்யும் மாணவன் ஓரிடத்தில் ஓர் எழுத்தைத் தவறாகப் பதியவைத்துக்கொண்டால், அடுத்தடுத்த பாடங்களை எவ்வளவு நன்றாக ஓதினாலும் அந்த இடம் வரும்போது நாக்கு பழைய தடத்துக்கே போகும். அந்தப் பாடத்தை நிறுத்தி, பழையதைக் கலைத்து, புதிதாக ஓதவைப்பதைத் தவிர வேறு வழியில்லை. அந்த ஒரு வாரம் வீணாகிறதே என்று பெற்றோர் வருந்துவார்கள். அது வீணன்று என்பதைக் கற்பிக்கிறவர்கள் அறிவார்கள். பட்டறைப் பையனுக்கும் தொழில் அப்படித்தான் பதிகிறது. முதல் தவறை மறைக்கக் கற்றவன், பத்தாண்டு கழித்துத் தன் சொந்தப் பட்டறையில் பிரேக் வேலையிலும் அதையே செய்வான்.

ஆகவே குடும்பங்களுக்கு மூன்று ஆலோசனைகள் சொல்கிறோம். வண்டியைப் பட்டறையில் விடும்போது, "ஏதாவது தவறினால் சொல்லுங்கள், ஒரு நாள் தாமதமானாலும் பரவாயில்லை" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வேலை முடிந்ததும் பிராக்கெட்டைக் காட்டச் சொல்லி, வாஷர் எங்கும் சமமாகப் படிந்திருக்கிறதா, நட்டின்மேல் பெயின்ட் கோடு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இதற்குத் தொழில் தெரிய வேண்டியதில்லை. தன் தவறைத் தானே சொல்லித் தன் செலவிலேயே சரிசெய்த மெக்கானிக்கிடம் அடுத்த முறையும் வண்டியைக் கொண்டுபோங்கள், உறவினர்களையும் அனுப்புங்கள். அவருக்கு அதைவிடப் பெரிய கூலி இல்லை.

பட்டறை நடத்தும் தம்பிகளுக்கு ஒன்று சொல்லி முடிக்கிறோம். நிரப்பிய துளையின்மேல் பெயின்ட் அடித்துவிட்டால் யாருக்கும் தெரியாது. ஆயினும் வண்டிக்காரரைக் கூப்பிட்டு அந்த இடத்தைக் காட்டுங்கள். அந்தப் பையனையும் பக்கத்தில் நிற்கவையுங்கள். அன்றைய பாடம் அவனுக்கு ஆயுளுக்கும் போதும். நம் கைகளின் உழைப்பை அல்லாஹ் பரக்கத் உள்ளதாக ஆக்கியருள்வானாக.